ஃபைல் இருக்கு சார், எந்த டிஸ்க்ல இருக்கு?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் எங்கள் கோஷ்டியைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். அதில் ஒருவர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போன மாதம் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தார்.

"சார், நீங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தவர். இதுல எங்கப்பா லெட்டர்ஸ் இருக்கு. வீட்டு லேப்டாப்ல திறக்க மாட்டேங்கறது. கொஞ்சம் பாருங்கோ."

அவருடைய அப்பா யுத்தத்துக்கு முன் ரங்கூனில் வேலை பார்த்தவர். 1939 முதல் 1941 வரை மயிலாப்பூரில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தனவாம். 2012-இல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தார்கள். நண்பர் அப்போது கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தார். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியும் போயிற்று, கம்ப்யூட்டரும் போயிற்று. பீரோவின் மேல் தட்டில் மாமியின் கைப்பையில் இருந்த இந்தப் பென் டிரைவ் மட்டும் நனையாமல் தப்பியது. அதனால்தான் அதை நகை மாதிரி வைத்திருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தேன். 'தாத்தா லெட்டர்ஸ்' என்று ஒரே ஒரு ஃபைல். படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி. அளவு இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு கடிதத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்தாலே அதைப்போல நூறு மடங்கு இடம் பிடிக்கும். அது ஃபைல் அல்ல, ஷார்ட்கட். "எங்கள் கடை எதிர் வரிசைக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று பூட்டிய ஷட்டரில் தொங்குமே ஓர் அட்டை, அந்த மாதிரி. நண்பர் கடையை விட்டுவிட்டு அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாளில் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு ஃபைல் எந்த டிஸ்கில் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. அதில் கொஞ்சம் நானும் அடிபட்டிருக்கிறேன்.

முதல் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1956-இல் ஐபிஎம் விற்ற ராமாக் இயந்திரத்தில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். அறைக்குள் ஒரு டிஸ்க் நின்றது, அதில்தான் எல்லாம். அப்புறம் கழற்றி மாட்டும் டிஸ்க் பேக் வந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. இயந்திரம் ஒன்று, அலமாரியில் பேக்குகள் இருபது. எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் அந்தக் காலத்தைத் தெரிந்தவர்கள் 1973-இல் அடையாறு ஐ.ஐ.டி.க்கு வந்த ஐபிஎம் 370/155 பற்றி இன்றும் மரியாதையாகப் பேசுவார்கள். 370 வகை இயந்திரங்களில் வேலை கொடுப்பது துளையிட்ட கார்டுகளால். புரோகிராம் கார்டுகளோடு, 'ஜே.சி.எல்.' என்ற மொழியில் எழுதிய கார்டுகளும் சேர்த்து அடுக்க வேண்டும். அவற்றில் டி.டி. என்ற கார்டுதான் முக்கியம். ஃபைலின் பெயர் இன்னது, எந்த வகைக் கருவியில் இருக்கிறது, எந்த வால்யூமில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். வால்யூம் என்றால் டிஸ்க் பேக் அல்லது டேப். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஆறு எழுத்தில் ஒரு சீரியல் உண்டு. அந்த பேக் மாட்டப்பட்டிருக்காவிட்டால், ஆபரேட்டருக்கு கன்சோலில் செய்தி வரும். அவர் எழுந்து போய், கேக் டப்பா மாதிரி மூடியும் கைப்பிடியும் போட்ட அந்த பேக்கைத் தூக்கி வந்து மாட்டுவார். 3330 என்ற டிஸ்கில் ஒரு பேக் 100 மெகாபைட். இன்று கல்யாண வீடியோவில் நாலைந்து நிமிஷத்துக்குக்கூடப் போதாது.

கார்டில் ஓர் எழுத்து பிசகினால் வேலை திரும்பி வந்துவிடும். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். திட்டாதவர்கள் கிடையாது. கேட்டலாக் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஃபைலைப் பதிவு செய்துவிட்டால் சீரியல் எழுத வேண்டாம், இயந்திரமே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனாலும் தன் ஃபைல் எந்த பேக்கில் இருக்கிறது என்று அன்றைய ஆட்கள் பலருக்கு வீட்டு ரேஷன் கார்டு எண் போல மனப்பாடமாக இருந்தது.

1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அவர்கள் விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையை அரசின் சி.எம்.சி. நிறுவனம் ஏற்றது. ரயில்வே முன்பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே சி.எம்.சி.தான், அதற்கு வாக்ஸ் இயந்திரங்கள். அந்த வாக்ஸின் வி.எம்.எஸ்.ஸிலும் ஃபைலின் முழுப் பெயர் டிஸ்கின் பெயரில்தான் தொடங்கும். டிஸ்க், பிறகு முக்காற்புள்ளி, பிறகு டைரக்டரி, பிறகு ஃபைல். தபால் விலாசத்தைத் தலைகீழாக எழுதியது போல. மறைக்கிற வேலையே இல்லை.

டிஸ்கை மறைத்தது யூனிக்ஸ்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் ஆரம்பித்தது. (நம் மவுண்ட் ரோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இதை ஒருவரிடம் பந்தயம் கட்டி ஒரு டிகிரி காபி ஜெயித்திருக்கிறேன்.) அவர்கள் செய்தது இதுதான்: எத்தனை டிஸ்க் இருந்தாலும் உபயோகிப்பவருக்குத் தெரிவது ஒரே மரம். வேர் '/' என்ற ஒரு கோடு. இரண்டாவது டிஸ்க் வந்தால், மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு காலி டைரக்டரியின் மேல் அதைக் கொண்டுவந்து பொருத்திவிடுவார்கள். இதற்கு மவுண்ட் என்று பெயர். அதற்குப் பிறகு அந்த டைரக்டரிக்குள் நுழைந்தால் நீங்கள் வேறு டிஸ்குக்குள் நுழைகிறீர்கள். வாசலில் போர்டு கிடையாது.

அவர்களுக்கே முதல் டிஸ்கில் இடம் போதவில்லை. உபயோகிப்பாளர்களின் ஃபைல்களுக்காக 'யு.எஸ்.ஆர்.' என்ற டைரக்டரியில் இரண்டாவது டிஸ்க் பொருத்தியிருந்தார்கள்; மிஞ்சிய புரோகிராம்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சமையலறையில் இடமில்லாமல் அரிசி டிரம்மை ஹாலுக்குக் கொண்டுவருவோமே, அதுபோல. அதனால்தான் யூனிக்ஸில் புரோகிராம்கள் இரண்டு இடத்தில் இருக்கும் வழக்கம் வந்தது. அந்த டிஸ்க்குகள் பழைய இரும்புக்குப் போய்ப் பல காலம் ஆன பின்பும் இரண்டு டைரக்டரிகளும் நிலைத்தன.

ஆனால் யூனிக்ஸ் டிஸ்கை மறைத்ததே தவிர மறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்று ஓர் எண் உண்டு. டைரக்டரியில் இருப்பது பெயரும் அந்த எண்ணும் மட்டுமே. அந்த எண்ணோ அந்தந்த டிஸ்குக்குள்தான் செல்லும். 12-ஆம் நம்பர் வீடு மயிலாப்பூரிலும் இருக்கும், தி.நகரிலும் இருக்கும், அடையாறிலும் இருக்கும். 600004-ஆ, 600017-ஆ, 600020-ஆ என்று பின்கோடு சொன்னால்தான் தபால் சேரும். அந்தப் பின்கோடு யூனிக்ஸில் டிவைஸ் எண். இரண்டு பாகம் கொண்டது: முதல் பாகம் எந்த வகைக் கருவி, இரண்டாம் பாகம் அந்த வகையில் எத்தனையாவது. பிற்காலத்து லினக்ஸில் 8 என்றால் ஸ்கஸி வகை டிஸ்க். 8, 1 என்றால் முதல் டிஸ்கின் முதல் பகுதி. ஒரு டிஸ்குக்கு 16 எண் ஒதுக்கியிருப்பதால் 8, 17 என்றால் இரண்டாவது டிஸ்கின் முதல் பகுதி.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 'டி.எஃப்.' என்று இரண்டெழுத்துக் கட்டளை. டிஸ்கில் எவ்வளவு இடம் பாக்கி என்று பார்க்கத்தான் எல்லோரும் அதைத் தட்டுவார்கள். அதோடு ஒரு ஃபைலின் பெயரையோ டைரக்டரியின் பெயரையோ சேர்த்துக் கொடுத்தால், அது எந்தக் கருவியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். கட்டளை இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஒரே டிஸ்குக்குள் பெரிய ஃபைலை இடம் மாற்றினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், பெயர்தான் மாறுகிறது. வேறு டிஸ்குக்கு மாற்றினால் நிஜமாகவே ஏற்றி இறக்க வேண்டும், நேரம் பிடிக்கும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் ஏமாந்தேன்.

1984-இல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான கமிட்டி வங்கிகளில் இயந்திரமயத்துக்கு வழி சொன்ன பிறகு, ஊரெங்கும் அலுவலகங்களில் யூனிக்ஸ் மெஷின்கள் வர ஆரம்பித்தன. பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் 1993-இல் அப்படி ஒரு மெஷின் என் பொறுப்பில் இருந்தது. இரண்டு டிஸ்க். முதலாவதில் வேலை. இரண்டாவது, 'பேக்கப்' என்ற டைரக்டரியில் மவுண்ட் ஆகியிருக்கும். தினம் இரவு 9 மணிக்கு அன்றைய கணக்கு முழுவதும் தானாக அங்கே நகலாகும். காலையில் நான் வந்து பேக்கப் டைரக்டரியைத் திறந்து நேற்றைய தேதியில் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இருக்கும். காபி குடிக்கப் போவேன்.

ஒருநாள் மாலை கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, மெஷின் படுத்து எழுந்தது. எழுந்தபோது இரண்டாவது டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. திரையில் ஒரு வரி வந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான். மேலே சொன்னேன் அல்லவா, டிஸ்கைப் பொருத்துவது ஏற்கெனவே இருக்கும் ஒரு காலி டைரக்டரியின் மேல் என்று? டிஸ்க் வராவிட்டாலும் அந்தக் காலி டைரக்டரி அங்கேயேதான் இருக்கும், முதல் டிஸ்கின் மேல். இரவு 9 மணிக்கு நகல் அதற்குள் போய் விழுந்தது. காலையில் பார்த்தேன், நேற்றைய தேதியில் ஃபைல்கள் இருந்தன. காபி குடிக்கப் போனேன். இப்படிப் பத்தொன்பது நாள். இடமாவது நிறைந்து மெஷின் கத்தியிருக்கலாம்; அதுவும் நிறையவில்லை.

இருபதாம் நாள் முதல் டிஸ்க் போயிற்று. போகும்போது கணக்கையும் நகலையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

இரண்டாவது டிஸ்கைத் தட்டிக்கொட்டி மவுண்ட் செய்தால் பத்தொன்பது நாளைக்கு முந்தைய கணக்கு. மீதியை வவுச்சர்களையும் தினசரி பிரிண்ட் அவுட்டையும் வைத்துக்கொண்டு ஆறு பேர் நான்கு இரவு உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அதில் ஒரு அம்மாள் கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வந்தார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. காலையில் 'டி.எஃப்.' என்று இரண்டெழுத்து தட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த வாரமே இரவு வேலையில் இரண்டு வரி சேர்த்தேன்: மூலமும் நகலும் ஒரே கருவியைக் காட்டினால் நகல் எடுக்காதே, கன்சோலில் மணி அடி.

அலுவலகத்தை விடுங்கள், வீடுகளில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 1981-இல் வந்த ஐபிஎம் பி.சி.யில் ஃபிளாப்பிக்கு ஏ:, பி: என்று எழுத்துகள். 1983-இல் எக்ஸ்.டி. வந்தபோது அதன் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்குக்கு சி:. எழுத்துக்கு ஒரு டிஸ்க், சுலபமாகத்தான் இருந்தது. பிறகு டிஸ்க் பெரிதானதும் ஒரே டிஸ்கை சி, டி, இ என்று கூறு போட ஆரம்பித்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்துகொடுக்கும் பையன்கள், "சார், சி-ல விண்டோஸ், டி-ல உங்க டாக்குமெண்ட், இ-ல பேக்கப் எடுத்து வெச்சுக்குங்க" என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாமும் டி-யிலிருந்து இ-க்கு ஞாயிறுதோறும் நகல் எடுத்து நிம்மதியாகத் தூங்கினோம். ஒரே வீட்டில் மூன்று அறைக்கு மூன்று பூட்டு. வீடு இடிந்தால் மூன்றும்தான். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற திரையைத் திறந்தால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று போட்டு, எந்தெந்த எழுத்து எந்த டிஸ்கின் மேல் என்று கட்டம் கட்டிக் காட்டும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

2011-இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்பில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் பெண் அதைக் கொண்டுவந்து காட்டினாள். விண்டோஸில் போட்டால் சி:, பாஸில் போட்டால் வெறும் '/'. "ரெண்டு டிஸ்க்கா தாத்தா?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்று சொல்லி, அதன் கூறுகளை இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டினேன். இப்போது அவள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள்.

லினக்ஸிலும் பெயர்க் குழப்பம் வராமல் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் சாதாரண டிஸ்குக்கு 'எச்.டி.ஏ.' என்று பெயர் இருந்தது. 2006, 2007 வாக்கில் உள்ளே இருந்த டிரைவரை மாற்றியதில் அதே டிஸ்க் 'எஸ்.டி.ஏ.' ஆகிவிட்டது. அப்டேட் செய்துவிட்டு மெஷினைப் போட்டால் எழுந்திருக்காது, பழைய பெயரில் தேடிக்கொண்டு நிற்கும். நம் கார்ப்பரேஷன் கதவுதோறும் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று எழுதவைத்ததே, அதே கதைதான்; தபால்காரர் இன்றும் இரண்டையும் கேட்கிறார். லினக்ஸ்காரர்கள் இதற்குக் கண்ட வழி, டிஸ்கின் கூறு ஒவ்வொன்றுக்கும் 32 இலக்கத்தில் ஓர் அடையாளத்தை அதற்குள்ளேயே எழுதிவிடுவது. எந்தப் பெயரில் அழைத்தாலும், எந்த ஒயரில் செருகினாலும் அந்த அடையாளம் மாறாது.

1988-இல் பெர்க்லியில் எழுதப்பட்ட ரெய்டு கட்டுரைக்குப் பிறகு ஒரே ஃபைல் பல டிஸ்குகளில் துண்டு துண்டாகப் பரவ ஆரம்பித்தது. இன்றைய எஸ்.எஸ்.டி. தனக்குள்ளேயே இடத்தை அடிக்கடி மாற்றிவிட்டு வெளியே பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அது அதன் வீட்டு விவகாரம், நாம் தலையிட வேண்டாம்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாறாத அடையாளத்தை யோசித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. விண்டோஸ் ஷார்ட்கட் வெறும் அட்டைதான், ஆனால் விவரமான அட்டை. எந்த எழுத்து, எந்த டைரக்டரி என்பதோடு, அந்த டிஸ்குக்கு வைத்திருந்த பெயரையும், ஃபார்மட் செய்யும்போது கிடைத்த எட்டு இலக்க வால்யூம் சீரியலையும் அதற்குள் எழுதி வைத்திருக்கும். 1973-இல் கார்டில் அடித்த அதே வால்யூம் சீரியலின் பேரன்.

என் மெஷின் லினக்ஸ். 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளையில் அந்த ஷார்ட்கட்டைக் கொடுத்தேன். எஃப்: என்று வந்தது. அடுத்து டிஸ்கின் பெயர், 'எலிமெண்ட்ஸ்'. வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குக் கம்பெனியிலேயே போட்டு வரும் பெயர் அது. பிறகு பைட்டுகளைப் பிரித்துப் போட்டு சீரியலை எடுத்தேன் (தலைகீழாக இருக்கும், திருப்பி எழுத வேண்டும்). ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு மறுநாள் பூங்காவுக்குப் போனேன்.

"2012-ல ஸ்கேன் பண்ணினது யாரு?"

"என் தங்கை பிள்ளை. பெங்களூர்லேர்ந்து லீவுக்கு வந்தப்போ அவன்தான் ராத்திரி பகலா உட்கார்ந்து பண்ணினான்."

"அவன்கிட்ட கறுப்பா, சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு இருந்ததா?"

அவருக்கு ஞாபகமில்லை. அங்கிருந்தே போன் போட்டார். மருமான், "மாமா, உங்க டெஸ்க்டாப்லயேதானே வெச்சுட்டு வந்தேன்" என்றான். டெஸ்க்டாப்பில் வைத்தது ஷார்ட்கட்டை. ஸ்கேன் முழுவதும் தன் டிஸ்கில் எடுத்து, டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறான். மாமா அது தன் கம்ப்யூட்டரில் இருந்ததாகவும், அவன் அதை மாமாவிடம் கொடுத்துவிட்டதாகவும் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார்கள்.

அன்று மாலை மருமான் பழைய சார்ஜர்களோடு கிடந்த மூன்று டிஸ்குகளைக் கண்டெடுத்தான். ஒவ்வொன்றாகச் செருகி 'வால்' என்ற கட்டளையைத் தட்டி, வரும் எண்ணைப் படிக்கச் சொன்னேன். முதலாவது இல்லை. இரண்டாவது செருகியதும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு "லெட்டர்ஸ் ஒண்ணும் காணும் அங்கிள்" என்றான். மூன்றாவதை உடனே கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, ஒயரை மாற்றினான். பிறகு எட்டு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தான். என் காகிதத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். எட்டும் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை லால்பாக் எக்ஸ்பிரஸில் டிஸ்கோடு அவனே வந்து இறங்கினான். இருநூற்றுச் சொச்சம் பக்கம். நண்பரின் லேப்டாப்பில் ஒன்று, புதிதாக வாங்கிய டிஸ்கில் ஒன்று, என் மெஷினில் ஒன்று என்று நகல் எடுத்தோம். என் வீட்டில் எடுத்ததை 'டி.எஃப்.' போட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

முதலில் திறந்த கடிதம் 1940 ஆனி மாதத்தது. ரங்கூன் மழையைப் பற்றி இரண்டு வரி, பிறகு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கேள்வி, பணம் மணியார்டரில் அனுப்பியிருப்பதாக ஒரு தகவல். நண்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் திறக்கச் சொன்னார்.